மாப்பிள்ளைக் கிடாவும் கரியனும்

பத்தினிப்பிள்ளை என் புருஷனின் தங்கை, எனக்கு மச்சாள். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரே வளவுக்குள் இரண்டு வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. எனக்கு மகள்மார் இருக்கிறார்கள். அவளுக்கு இருப்பது ஒரே மகன், ஜெயரூபன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குத்தான் போவான். அப்படித்தான் அவனும் கல்லடியில் இருக்கிறான். மகனோடு போய் இருப்பதென்றால் சம்பந்திக்காரியின் வீட்டில் போய் இருப்பதுதான். அதைவிட வட்டைக்குள், அந்த வயல்வெளியில், ஆட்டோடு படுத்துக்கொள்வேன் என்பாள் பத்தினி.

ஆடு என்று சொல்ல அவளிடம் இருப்பது செம்மறிப் பட்டி. புருஷன் விட்டுப்போனது. அந்தப் பட்டிதான் அவளை இந்த வளவில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு வருசமாகக் குட்டி அருகிவிட்டது. தைப்பொங்கலுக்கு வந்த ஜெயரூபன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

“இந்த முறையும் குட்டி இல்லாட்டி பட்டிய வித்திற்று நீங்க கல்லடிக்கு வரத்தான் வேணும் அம்மா. அறையும் கட்டிற்றன்.”

நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் அந்த அறையைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து பத்தினிக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் ஊர்க் கண்ணூறு என்றாள். தாந்தாமலைக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். பட்டி வாசலில் பூசணிக்காய் கட்டினாள். எனக்குத் தெரியும் குற்றம் யாரிடம் என்று. மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை அவளுடைய கிடா. யாரோ மலைநாட்டுப் பண்ணையிலிருந்து கொண்டுவந்த வெளிநாட்டுக் கலப்புச் சாதி. தாய் பால் கொடுக்காத குட்டியை இவள் வாங்கி, போத்தலில் பால் பருக்கி, கஞ்சி ஊற்றி, அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து வளர்த்தாள். வெள்ளை வெளேரென்று உடம்பு, சுருண்ட கொம்பு, திரண்ட முதுகு. கோயில் தேருக்கு முன்னால் விட்டாலும் பொருந்தும். அப்படி ஒரு அழகன் இருக்க வேறு கிடா எதற்கென்று மற்ற எல்லாக் கிடாவையும் விற்றுவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மருமகனைத் தேடும்போதும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

கால்நடை வைத்தியர் பிரஷாந்தி என்ற பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அது மாப்பிள்ளையின் இமையைத் திருப்பிப் பார்த்தது, பல்லைப் பார்த்தது, குளம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தது. பிறகு பின்னால் குந்தி, விதையைக் கையில் பிடித்து அளவும் இறுக்கமும் பார்த்தது. பத்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கென்ன வெட்கம், நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

உடம்பில் பெரிய நோய் இல்லை என்றது பிள்ளை. ஆனால் இது கம்பளி போர்த்திய சாதி, எங்கள் வெயிலுக்கு நாக்குத் தள்ளும். மாரிச் சேற்றில் குளம்பு அழுகும். கொழுப்பும் ஏறிவிட்டது. மயிர் குறைந்த எங்கள் நாட்டுச் சாதியில் ஒரு கிடா எடுங்கள், இரட்டைக் குட்டி போட்ட தாயின் பிள்ளையாகப் பாருங்கள் என்றது.

கிடா வாங்கக் கிரானில் ஒரு பட்டிக்குப் போனோம். பத்தினி கொம்பைப் பார்த்து நடந்தாள். நான் அந்தப் பிள்ளை செய்தது போலவே ஒவ்வொரு கிடாவுக்கும் பின்னால் குந்தித் தடவிப் பார்த்தேன். பட்டிக்காரன் தன் மகனை அந்தப் பக்கம் போகச் சொன்னான். அப்படித் தடவி எடுத்ததுதான் கரியன். கட்டை உடம்பு, கறுத்த கால், ஒரு காது கிழிசல். ஆனால் குளம்பு கல்லு மாதிரி, இமையின் உட்பக்கம் செக்கச் சிவப்பு, மற்றது இரண்டும் தேங்காய்க் குரும்பை மாதிரி. அவன் தாய் இரண்டு முறை இரட்டை ஈன்றவள்.

வீட்டுக்கு வந்ததும் பத்தினி அவனைத் தனியாகக் கட்டிப்போட்டாள். அந்தக் காதோடு குட்டிகள் பிறந்தால் ஊர் சிரிக்குமாம். கிழிந்த காது குட்டிக்கு வராது என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. மாப்பிள்ளை தன் வேலையைச் செய்கிறானாம்.

“அவன் வெட்கக்காரன் மச்சாள். ஆக்கள் நிண்டா போகமாட்டான். ராவில போவான்.”

“உன்ர புருஷனும் அப்பிடித்தான் இரிந்தவர்,” என்றேன். “ஆனா உனக்கொரு புள்ளையெண்டாலும் பிறந்திச்சி.”

இதை நான் போய்ச் சொல்ல, பிரஷாந்தி சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னது. கிடாவின் நெஞ்சில் சாயம் பூசி விட்டால், அது ஏறிய பெட்டையின் முதுகில் சாயம் ஒட்டும். இரண்டு கிடாவையும் விடுங்கள், இரண்டு நிறம் பூசுங்கள், பிறகு யாரை வைப்பது என்று நீங்களே முடிவெடுங்கள் என்றது. பத்தினி சம்மதித்தாள். மாப்பிள்ளைக்குக் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தானே பூசினாள். கரியனுக்கு உடுப்புக்குப் போடும் நீலத்தை நான் பூசினேன்.

பெரும்போக நெல் வெட்டு முடிந்து வட்டை வெறுமையாகக் கிடந்தது. பட்டியை அதற்குள் விட்டோம். அடுத்த நாளே நாலைந்து பெட்டைகள் நீல முதுகோடு மேய்ந்தன. அந்தக் கிழமை முடிய வட்டை முழுக்க நீலம். வாய்க்காலுக்குக் குளிக்க வந்த பெண்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெட்டையில்கூட ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை. மாப்பிள்ளை மருத மர நிழலில் படுத்து இரைத்துக்கொண்டிருந்தான். பத்தினியைக் கண்டால் மட்டும் எழும்பி ஓடிவந்து நெஞ்சால் உரசுவான். அவளுடைய வெள்ளைச் சீலை முழங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவந்து கிடந்தது.

“இத்தின வருசத்துக்குப் புறகு உனக்குக் குங்குமம் வைக்க ஒருத்தன் வந்திற்றான்கா,” என்றேன்.

அவள் சீலையைப் பார்த்தாள். நீல முதுகுகளைப் பார்த்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வரம்பில் பொத்தென்று குந்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். மாப்பிள்ளை அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றான்.

“இவன் தன்னை ஆடெண்டே நினைக்கயில்ல மச்சாள்,” என்றாள். “என்ர புள்ளையெண்டெல்லோ நினைச்சிற்றிரிக்கான்.”

அன்றே முடிவு எடுத்தாள். கரியன் பட்டியோடு நின்றான். மாப்பிள்ளைக்கு விதை நசுக்கி நலமடிக்கப் பிரஷாந்தியை அவளே கூப்பிட்டாள். நலமடிக்கும்போது அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பது வேறு கதை. விற்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள். கழுத்தில் மணி கட்டினாள். அவன் அவளுக்குப் பின்னால் போவான், பட்டி மணிக்குப் பின்னால் போகும். இப்போது ஆடு சாய்க்கக் கம்பு தேவையில்லை.

ஆவணியில் குட்டிகள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் கறுத்த கால், இரண்டு முழுக் காது. ஜெயரூபன் மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய நேரம் ஒரு பெட்டை முக்கிக்கொண்டிருந்தது. நான் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். முதல் குட்டியைத் தாய் நக்கியது, இரண்டாவதை அவன் வேலைக்குப் போடும் கந்தோர்ச் சேட்டால் துடைத்தான். துடைத்து முடித்தும் கீழே விடவில்லை.

பிறகு அதைப் பத்தினியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பினான். கையை விரித்து முழம் போட்டு வேலியை அளந்தான்.

“மாமி, இந்தப் பட்டிக்குள்ள இடம் காணாது போல. அடுத்த கிழமை கம்பியும் கட்டையும் கொண்டு வாறன்.”

“அந்த அறைய என்ன செய்யப் போறாய்?” என்று நான் கேட்டேன்.

அவன் தாயைப் பார்த்தான். பத்தினி குட்டியின் வாயைத் தாய் மடியில் வைத்துக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னாள்.

“அதுக்குள்ள உன்ர மாமியார்ர நெல்லு மூட்டைய அடுக்கு மனே.”

பிறகு எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு வட்டைப் பக்கம் நடந்தாள். பின்னால் மணிச் சத்தம் போனது. அதற்குப் பின்னால் பட்டி முழுவதும், கரியன் கடைசியில், ஒரு பெட்டையை மோந்து பார்த்துக்கொண்டு.