அங்கி இல்லாமல் இண்டர்வியூவுக்கு

ரோசி கன்னியர் மடத்தை விட்டு வந்தபோது அவளுக்கு முப்பத்து நாலு வயது. பதினெட்டில் போனவள். அத்தனை வருஷமும் வெள்ளை அங்கி, தலையில் முக்காடு. காலையில் எழுந்தால் எதை உடுத்துவது என்ற யோசனையே அவளுக்கு வந்ததில்லை. ஜெபத்தில் வாய் மட்டும் அசைந்து மனம் அசையாமல் போனது எப்போது என்று அவளுக்கே தெரியாது. சில வருஷம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். முடியவில்லை. முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, கேரள எல்லையில் கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்த அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அப்பா ஆசீர்வாதம் அவளைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கோயிலில் எப்போதும் முன்னால் உட்காருகிறவர், இப்போது கடைசியில் கதவோரமாக நின்றார்.

கட்டப்பனை போகும் வழியில் ஒரு தனியார் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டு ரோசி விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை இண்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள். கணக்கு பயமில்லை, மடத்துப் பள்ளியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். எதை உடுத்திப் போவது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கை சிஞ்சு தன் துணிகளைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினாள்.

“இந்தப் பச்சச் சேலையக் கட்டுக்கா. உன் நெறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

“வேண்டாம்டி. இதுக்குத்தான் வெளிய வந்தாளாக்கும்னு சொல்லுவாக.”

“அப்போ இந்த வெள்ளச் சுடிதாரு?”

“ஐயோ, வெள்ள வேண்டாம். இன்னும் சிஸ்டர் வேஷம் போடுதான்னு சொல்லுவாக.”

“யாருக்கா சொல்லுவா?”

“எல்லாரும்தான்.”

சிஞ்சு விடாமல் பச்சைச் சேலையைச் சுற்றிவிட்டாள். கண்ணாடியில் கழுத்து தெரிந்தது. காதுக்குக் கீழே இறங்காத முடி தெரிந்தது. நடுத்தெருவில் நிற்பதுபோல் ரோசிக்கு உடம்பு கூசியது. அவசரமாக அவிழ்த்தாள்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அங்கியக் கழட்டும்போது வராத யோசன இப்ப வருதாக்கும்?”

“அப்பா, சும்மா இருங்க,” என்றாள் சிஞ்சு.

கடைசியில், முழுக்கை வைத்த பழுப்புச் சுடிதார் ஒன்றை ரோசி எடுத்தாள். அதை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அது போதும் என்றிருந்தது.

ஆனால் மறுநாள் ஜீப்பில் ஏறியதுமே, தெரிந்த அம்மாள் ஒருத்தி பழக்கதோஷத்தில் எழுந்துகொண்டாள். “சிஸ்டர், இங்க இருங்க.” சொன்ன பிறகுதான் அவள் கண் சுடிதாரில் இறங்கியது. “ஓ... இப்ப சிஸ்டர் இல்லேல்லா.”

ஜீப்பே திரும்பிப் பார்த்தது. ரோசியின் கை ஷாலை இழுத்துத் தலையை மூடப் போய், பாதியில் நின்றது. இறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாமா? “நீங்களே இருங்கம்மா,” என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள்.

பிரின்சிபல் மலையாளி. சான்றிதழைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “மடம் எந்தினா விட்டது? ஏன்?”

குடும்பச் சூழ்நிலை என்று சொல்ல நினைத்து வைத்திருந்தாள். வாயில் அது வரவில்லை. அங்கே தொடர்ந்து நிற்பது பொய்யாக இருந்தது சார் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவரோ போர்டைக் காட்டி, ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கை நடத்திக் காட்டச் சொன்னார். எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து எடுத்து மிச்சத்தையும் எழுதினாள்.

அந்த வாரமே போன் வந்தது. ஜூனிலிருந்து வரச் சொன்னார்கள். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “காலைல எந்த ஜீப்புக்குப் போவ?” என்று மட்டும் கேட்டார். அவள் வந்த பிறகு அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

வாரத்துக்கு ஐந்து நாள் உடுத்த வேண்டுமே என்று சிஞ்சு அவளைக் கம்பத்துக்குத் துணி எடுக்கக் கூட்டிப்போனாள்.

“என்ன கலர் பாக்கணும்க்கா?” என்று கடைப்பெண் கேட்டாள்.

ரோசி தங்கையைப் பார்த்தாள். சிஞ்சு வேண்டுமென்றே முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அந்த ஊதா,” என்றாள் ரோசி. கடைப்பெண்ணுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.