போயிட்டு வாங்க

பூட்டுக் கம்பெனிக்குப் பதினோரு வருஷமாக விளம்பரம் எழுதியவர் எங்கள் பெரியம்மா. ஆன்லைனில் பூட்டு வாங்கியவர்களுக்குக் கடைசியாகப் போகும் "போயிட்டு வாங்க" என்ற மெசேஜும் அவர் எழுதியதுதான். கம்பெனி வெளிநாட்டில் கடை திறந்தபோது, அங்கே வாங்கியவர்களுக்கும் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். பூட்டில் ஏதோ கோளாறு, திரும்ப வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முதல் வாரமே நாற்பது பேர் பூட்டும் கையுமாகக் கடை வாசலில் நின்றார்கள்.

"அந்த 'வாங்க'வை வெட்டுங்க. வெறும் 'போங்க' போதும்," என்றார் மேனேஜர்.

"காசு கொடுத்தவங்களை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது, சார்."

"பழகிக்குங்க."

சாயங்காலம் பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன், சார்," என்றார்.

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போங்க."

மறுநாள் அவரே போன் செய்து, ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார்.

"நீங்க வரச் சொல்லலையே, சார்."