ஐந்து வேளைக்குக் கை தூக்கியவர்கள்

தேர்வு அறையை விட்டு வெளியே வந்தபோது என் விரல்களில் பென்சில் கரியும் மல்பெரித் தழையின் பச்சை நெடியும் ஒன்றாக ஒட்டியிருந்தன. விடிவதற்கு முன்பே பட்டுப்புழுக்களுக்குத் தழை போட்டுவிட்டுத்தான் மாரண்டஹள்ளியில் பஸ் ஏறியிருந்தேன்; சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த நெடி போகவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வு அது, தருமபுரியில் நடந்தது. பத்தியைப் படித்து விடை சொல்வது பாதி, சொல்லுக்குப் பொருள் சொல்வது மீதி. எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கும் நான்கில் ஒன்றை வட்டமிட்டால் போதும். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவருக்குத்தான் தருமபுரியில் விடுதியில் தங்கி மேலே படிக்க இடம் கிடைக்கும். "கெடச்சா படி, இல்லன்னா தழ பறி" என்று என் அப்பா ஒரே வரியில் என் எதிர்காலத்தைச் சொல்லி முடித்திருந்தார்.

எண்பதுகளில் அந்தத் தேர்வின் கேள்வித்தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வெளியே அனுப்புவார்கள். அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஆளுக்குக் கொஞ்சம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி விடைகளை ஒத்துப் பார்ப்போம். விடையில் சண்டை வந்தால் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது "கை தூக்கு" என்பார்கள். எந்த விடைக்கு அதிகக் கை உயர்கிறதோ அதுவே சரி, அதற்கு மேல் பேச்சில்லை. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர்களும் இப்படித்தான் முடிவு செய்வார்கள் என்பதுபோல் அவ்வளவு நம்பிக்கையோடு கை தூக்குவோம்.

நாகரத்னா என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அப்பா கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை, ஆனால் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்துகொண்டு தமிழில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்குவதை என்னால் செரித்துக்கொள்ளவே முடியவில்லை. அவள் எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்குச் சொற்பொருளில் "புரவி" வந்திருந்தது. நான் குத்துமதிப்பாகப் படகு என்று போட்டிருந்தேன். அவள் குதிரை என்றாள்.

"உனக்கு எப்பிடிடீ தெரியும்?" என்று கேட்டேன்.

"பாடத்துக்குப் பின்னாடி அருஞ்சொற்பொருள்னு போட்டிருக்காங்கல்ல, அத முழுசாப் படிச்சேன்" என்றாள். அந்தப் பகுதியை எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் சொன்ன தோரணையிலேயே எல்லாக் கைகளும் குதிரைக்கு உயர்ந்தன, என்னுடையதைத் தவிர.

அடுத்துப் பட்டுப்புழு வந்தது. பத்தி புழு வளர்ப்பைப் பற்றியது என்று தெரிந்ததும் நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து புழுத் தட்டுகளோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தவளுக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை வேளை தழை போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் போடுவது போல ஐந்து என்று வட்டமிட்டேன். புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதையே செய்திருந்தார்கள். நாகரத்னா மட்டும் மூன்று என்றாள்.

"மூணு வேள போட்டா புழு கூடு கட்டுமா? பட்டினி கெடந்து சாவும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தப் பத்தியில மூணுன்னுதான போட்டிருந்துச்சி" என்றாள் மெதுவாக.

"கை தூக்கு" என்று கத்தினேன். சுற்றி நின்ற அத்தனை கைகளும் ஐந்து வேளைக்கு உயர்ந்தன. அது எனக்குப் போதவில்லை. எங்களை அழைத்து வந்திருந்த தமிழய்யாவையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கும் சொந்தமாக மல்பெரித் தோட்டம் உண்டு. "அஞ்சு வேளதாம்மா. ஒரு வேளய வுட்டாலும் கூடு சன்னமாப் பூடும்" என்று அவரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். பஸ்ஸில் நாகரத்னா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாலக்கோடு வரை அழுதாள். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது போல இருந்தது.

மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரத்தில் முடிவு வந்தது. நாகரத்னா முதலில், நான் அவளுக்கு அடுத்து. எனக்குச் சோறு இறங்கவில்லை. "அவ தட்டுல வுழுந்தது அவளுக்கு. நீ உன் தட்டப் பாத்துத் தின்னு" என்றாள் அம்மா. என் தட்டில் மல்பெரித் தழைதான் விழுந்திருக்கிறது என்று சொல்லி அழுதேன்.

ஆனால் நாகரத்னாவின் அப்பா அவளை அனுப்ப ஒப்புக்கொள்ளவில்லை. தமிழய்யா கடைக்கே போய்ப் பேசிப் பார்த்தார். "ஒத்தப் பொண்ணுங்க. கண்ணு மறைவுல வுட்டுட்டு என்னால இருக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட்டாராம். இடம் அடுத்தவளான எனக்கு வந்தது. "அவளுக்குக் குடுத்து வெக்கல, உனக்கு வெச்சிருக்குது" என்று அம்மா என் தலையில் பூ வைத்து அனுப்பினாள். விடுதியில் முதல் நாளே, சேர்க்கைப் பட்டியலைப் பார்த்திருந்த ஒருத்தி என்னைக் காட்டி, "இவ அந்த நாகரத்னா வராததால வந்தவ" என்று மற்றவர்களிடம் சொன்னாள். அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பில் முதலாவதாக வந்தாலும், அவள் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது. வராதவள் மீது பொறாமைப்பட்டுக்கொண்டே பட்டம் வாங்கினேன், அரசாங்க வேலையிலும் சேர்ந்தேன்.

இப்போது பிள்ளைகள் தேர்வு முடிந்து வெளியே வருவதற்குள் விடைகள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. சண்டை போடவோ கை தூக்கவோ ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் புழுக் கொட்டகையையும் இடித்துவிட்டார்கள். தமிழய்யாவும் இல்லை.

போன வைகாசியில் பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்தில் நாகரத்னாவைப் பார்த்தேன். கணவரோடு தக்காளி மண்டி நடத்துகிறாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும், இத்தனை வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "உன் எடத்துலதான் நான் படிச்சேன், நாகு."

"தெரியுமே. அந்த எடம் வீணாப் போவாம நீயாச்சும் போனியேன்னு அப்பவே சந்தோசப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் இலைக்கு இன்னொரு வடை போடச் சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். எங்காவது ஒரு ஓரத்தில் துளிப் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.