புளியங்கொட்டைக் களி

முப்பது வருடங்களுக்கு முந்தைய கதை. கல்யாணமாகி, பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் வாழ வந்து ஆறு மாதம் இருக்கும். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது.

எங்கள் ஊரில் மாதர் சங்கம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவோம். ஒருத்தி பருப்பில் வண்டு விழாமலிருக்க வழி சொல்வாள். இன்னொருத்தி சேலையில் பட்ட வாழைக்கறையைப் போக்கச் சொல்லித் தருவாள். நடுநடுவே ஊர்க்கதையும் ஓடும். நான் அருப்புக்கோட்டையில் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் பொறுப்பு எனக்கு. அந்தப் பெருமையில் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கடைசித் தெரு அக்கா வாயைத் திறந்தார். வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு மாதமாகத் தகவல் இல்லை. இரண்டு பிள்ளைகளுடன் தனியாக இருந்தார். புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் களியில் எவ்வளவு சேர்க்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு வயிறு தாங்குமா என்று கேட்டார்.

நான் 'புளியங்கொட்டைக் களி' என்று தலைப்பு எழுதி அடிக்கோடும் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் பக்கத்து வீட்டு மதினி, நாளைக்கே அந்த அக்கா வீட்டில் செய்து பார்த்துவிடலாம், ஆளுக்குக் கொஞ்சம் கம்பு மாவு, பருப்பு, எண்ணெய் கொண்டுவாருங்கள் என்றார். எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். புளியங்கொட்டைக்கு எதற்குப் பருப்பு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காவிட்டால் சும்மாவாவது இருந்திருக்கலாம். அந்தச் சின்ன வீட்டில் இத்தனை பேர் எங்கே உட்காருவது, என் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, அங்கேயே வாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். கல்யாணச் சீராக வந்த அடுப்பு, காட்டிக்கொள்ள ஆசை. மதினி என்னை முறைத்தார். ஏன் முறைக்கிறார் என்றும் புரியவில்லை. அந்த அக்கா மட்டும் அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள், அந்த அக்காவைத் தவிர. ஒருவர் கையிலும் புளியங்கொட்டை இல்லை. நான் ஒருத்திதான் பொறுக்கி, வறுத்து, இடித்து வைத்திருந்தேன். கம்பு மாவும் பருப்பும் மட்டும் பை பையாகச் சேர்ந்துவிட்டன. யாரோ பேருக்குக் கொஞ்சம் கிண்டினார்கள். எல்லாரும் ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்ச மாவு, பருப்பு எதையும் தொடாமலே கிளம்பினார்கள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எந்த வீட்டில் சமைக்கிறோமோ, மிஞ்சியது அந்த வீட்டுக்குத்தான், அது சங்கத்து வழக்கம் என்றார்கள். நான் திருதிருவென்று விழித்தேன்.

மதினி மட்டும் நின்றார்.

"சோத்துக்கு வழியில்லாதவகதான் புளியங்கொட்டையத் தேடுவாக. அந்தக்கா வீட்டுல ஒல வச்சு மூணு நாளாச்சு. பிள்ளைக பள்ளிக்கூடத்துச் சத்துணவுல பசியாறுதுக. இன்னைக்கு அதுவும் லீவு. சும்மா கொண்டுபோய்க் குடுத்தா வாங்க மாட்டாக. அதுக்குத்தான் அவுக வீட்டுல சமைப்போம்னேன். நீங்க கேஸ் அடுப்பக் காட்டிட்டீக."

அவமானமாக இருந்தது. பைகளை அப்படியே சுமந்துகொண்டு கடைசித் தெருவுக்குப் போனேன். அக்கா வாசலை மறித்து நின்று, எல்லாம் இருக்கிறது, கொண்டுபோங்கள் என்றார். உள்ளே சின்னவள் சிணுங்கும் சத்தம் கேட்டது. என்ன செய்வேன்? திரும்பிப் போகவும் மனம் வரவில்லை, கையில் திணிக்கவும் துணிச்சல் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, எனக்குக் களி கிண்ட வரல. கட்டி தட்டிப் போகுது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

பொய் இல்லை. எனக்குச் சோறு மட்டும்தான் ஒழுங்காக வடிக்கத் தெரியும்.

அக்கா என் கையிலிருந்த பைகளைப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். விறகைப் பற்றவைத்து, களி கிண்டும் துடுப்பை என் கையில் கொடுத்து, திட்டித் திட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் சூடு ஆறுவதற்குள் அள்ளிச் சாப்பிட்டார்கள். அக்கா கடைசியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். நான் சங்கத்து வழக்கம் என்று முணுமுணுத்தபடி பைகளை மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்தவர் மெல்லக் கேட்டார்.

"களி வந்துருச்சு. அடுத்த வாரம் எது தெரியலன்னு வருவீக, தங்கச்சி?"

குழம்பு தெரியாது என்று அடுத்த வாரமும் போனேன். அவர் அப்படிக் கேட்டது கேலி செய்தா, என்னை மன்னித்தா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் யார் வீட்டுக்காவது எதையாவது கொண்டுபோகும்போது, அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் படியேறுகிறேன்.