மூடி மாறிய குப்பி

கைசர் ஜஹான் பயந்த சுபாவக்காரி. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதிப் படி இறங்கியவள் திரும்ப மேலே ஏறுவாள். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அதை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். மருந்து கொடுக்கிறவள் இப்படி இருப்பதுதான் நல்லது என்று மயிலாப்பூரில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறாள்.

காய்ச்சல் மாத்திரையும் இருமல் டானிக்கும் அந்தக் கடையிலும் உண்டு. ஆனால் சாந்தோமிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் கடலோரத்தில் குடியிருக்கிறவர்கள் அவளைத் தேடி வருவது சங்கு மருந்துக்காக.

அந்தக் கரையில் சிலருக்குக் கூப்பாடு வரும். பொழுது சாயும் நேரத்தில், கடலுக்குள்ளிருந்து யாரோ தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவர்களுக்குக் கேட்கும். செத்துப்போன அண்ணன் குரலாக இருக்கும், பெற்றவள் குரலாக இருக்கும். கேட்டவர் எழுந்து நடப்பார். யாரும் பிடிக்காவிட்டால் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருப்பார். பெயர் சொல்லி அவரைத் தடுக்கவும் கூடாது. யார் வாயிலிருந்து வந்தாலும் பெயர் காதில் விழுந்ததும் கால் இன்னும் வேகம் எடுக்கும்.

சங்கைச் சுட்டுப் பற்பமாக்கி நல்லெண்ணெயில் குழைத்தால் மூடுசொட்டு. காலையில் காதுக்கு இரண்டு சொட்டு விட்டால், மறுநாள் வரை மனிதர் பேச்சு கேட்கும், கடல் மட்டும் கேட்காது. அதே சங்கைச் சுடாமல் அரைத்துக் கடல் நீரில் ஊறவைத்தால் திறசொட்டு. மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதை விட்டுக்கொண்டால் மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்கும். சாதாரண ஆளுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. கூப்பாடு வந்தவர் காதில் விழுந்தால் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் அவரைக் கரையில் நிறுத்துவது கஷ்டம்.

இரண்டுமே ஒரே மாதிரி நீலக் குப்பியில்தான் வரும். மூடுசொட்டுக்கு வெள்ளை மூடி. திறசொட்டுக்கு மஞ்சள் மூடி.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மருந்துக்கு ஒன்றாக இரண்டு குப்பி நிரப்பினாள். மூடி போடும்போது ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து அவள் கணவன் மெஹபூப் அலி ஃபோன் செய்தான். லேத்தில் வேலை பார்க்கும்போது கண்ணில் இரும்புத்தூள் தெறித்துவிட்டது, கண் டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எந்தக் கண்ணு? பார்வை தெரியுதா?" என்று கேட்டபடியே அவள் கை மூடிகளைத் திருகியது. மூடியின் நிறம் பார்த்து லேபிள் ஒட்டியது. அன்றைக்கு ஒரு நாள் அவள் மறுபடி முகர்ந்து பார்க்கவில்லை.

மாலை மூன்றே முக்காலுக்கு ரொனால்ட் வந்தார். சாந்தோமில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவர். மஞ்சள் மூடிக் குப்பியைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார்.

"இன்னா மருந்துக்கா இது? காத்தால வாங்கினு போயி கரையில நின்னு ரெண்டு சொட்டு உட்டுப் பாத்தேன். மீன் சத்தம் கேக்கறது இருக்கட்டும், எதிர்ல அடிக்கிற அலை சத்தமே கேக்கல."

கைசர் ஜஹான் குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கருகின நல்லெண்ணெய் வாசனை. மூடுசொட்டு.

பலகையைப் பிடித்துக்கொண்டாள். ரொனால்டிடம் இருப்பது இதுவென்றால், மற்ற குப்பியில் இருப்பது எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினோரு மணிக்கு அதை வாங்கிக்கொண்டு போனவள் தாயம்மா. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவள். மருந்து அவள் புருஷன் தேசப்பனுக்கு, முதல் தடவையாக. ஆடி மாதம் கடலில் தம்பியைப் பறிகொடுத்ததிலிருந்து தேசப்பனுக்குக் கூப்பாடு.

"அக்கா? இன்னா ஆச்சு?" என்றார் ரொனால்ட்.

"உங்களுக்கு நாளைக்குச் சரியாயிடும். இந்தக் குப்பி எனக்கு வேணும்."

நோட்டைப் புரட்டித் தாயம்மாவின் எண்ணைப் போட்டாள். அடிக்கவில்லை. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இலக்கம்தான் எழுதியிருந்தாள்.

கடையைப் பூட்டினாள். அன்றைக்குப் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. குப்பியைக் கைப்பைக்குள் போடப் பயந்து உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மணி நான்கு. ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத் தடுப்புக்கு அருகே வண்டிகள் அசையாமல் நின்றன. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி. பத்து நிமிடத்தில் ஆட்டோ பத்தடி நகர்ந்தது. மெஹபூப் அலி மறுபடி ஃபோன் செய்தான். கண்ணில் ஒன்றுமில்லை, தூளை எடுத்துவிட்டார்கள் என்றான். அவள் அழுகையோடு நடந்ததைச் சொன்னாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கைசர், நான் சொல்றத கேளு. நீ வீட்டுக்குப் போ. அந்தாளு இன்னும் மருந்தே போடாம இருக்கலாம். போட்டிருந்தாலும் வீட்டுல யாராவது பிடிச்சுப்பாங்க. நீயே போயி நின்னேன்னா, நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்த மாதிரி. லைசென்ஸ் போயிடும். போலீஸ் வரும்."

"ஏங்க, அவரு செத்துட்டா?"

"எனக்கும் பயமா இருக்கு. அதான் சொல்றேன்."

அவன் சொன்னது எதுவும் அவளுக்குத் தோன்றாததல்ல. ஆட்டோவில் ஏறிய நிமிடத்திலிருந்து அவள் மனசு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம். குப்பியில் என் பெயரா எழுதியிருக்கிறது? கையிலிருக்கும் இதைக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியும்? இப்படி யோசிக்கிறோமே என்பது அவளை இன்னும் பயமுறுத்தியது. ஃபோனை அணைத்தாள்.

"அண்ணே, வேற வழி இருக்கா?" என்று டிரைவரிடம் கேட்டாள். "பொழுது சாயறதுக்குள்ள குப்பத்துல இருக்கணும். ஒருத்தரு உயிரு."

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த நீலக் குப்பியையும் பார்த்தார். "கூப்பாடா? மொதல்லயே சொல்றதில்லயாமா?" என்று வண்டியை இடது பக்கச் சந்துக்குள் திருப்பினார். நான்கைந்து சந்துகளில் புகுந்து அடையாற்றுப் பாலத்தில் கொண்டுபோய் ஏற்றினார். பாலத்தில் அவள் ஆற்றுமுகத்தின் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

குப்பத்தை அடையும்போது ஐந்து பத்து. தாயம்மா தெருமுனையில் கூடையை வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சங்கரா மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, இம்மாந்தூரம் வந்துக்கீற? மீனு வோணுமா?"

"அக்கா, அந்த மருந்து. வீட்டுக்காரருக்குப் போட்டீங்களா?"

"வந்ததும் நான்தான் உட்டேன். ரெண்டு காதுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு. அப்பவே தூங்கிட்டாரு. தூங்கிக்கினு கீறாரு."

"கயிறு?"

தாயம்மா சிரித்தாள். "மருந்து கீதே, அப்பால இன்னாத்துக்குக் கயிறு? மூணு மாசமா சாயங்காலம் ஆனா கட்டில்ல கட்டிப் போட்டு மணிக்கட்டுல புண்ணு. இன்னிக்குத்தான் அவுத்து உட்டேன்."

கைசர் ஜஹானின் முகத்தைப் பார்த்துத் தாயம்மாவின் சிரிப்பு நின்றது. கத்தியைக் கூடைக்குள் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். இரண்டு பேரும் குறுகின சந்துக்குள் ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் போர்வை பாதி தரையில் கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேசப்பன் இல்லை. செருப்பு வாசலிலேயே இருந்தது.

தாயம்மா வாயைத் திறந்தாள். புருஷன் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைசர் ஜஹான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"பேரு சொல்லாதீங்க அக்கா. பேரு மட்டும் சொல்லாதீங்க."

கரையில் படகுகளுக்கு நடுவே நான்கு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன்தான் முதலில் கையை நீட்டினான். அலை உடைகிற இடத்துக்கு அப்பால், இடுப்பளவுத் தண்ணீரில், தேசப்பன் நடந்துகொண்டிருந்தார். யாரோ வழி விட்டு நிற்கிற மாதிரி நிதானமாக, நேராக. அலை மேலே அடித்தபோது தடுமாறவும் இல்லை.

வலைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கூப்பாடு அவர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பேர் வலைக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேர் கரையில் கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு கட்டிக்கொண்டவர்களில் ஜாக்சன் என்பவன் கைசர் ஜஹானைப் பார்த்து, "மருந்து குடும்மா, நான் ஊத்துறேன்" என்றான்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. குப்பியைக் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட மனசு கெஞ்சியது. ஆனால் ஏற்கெனவே காதில் திறசொட்டு இருக்கும்போது மூடுசொட்டை இரண்டு சொட்டாக விட்டால் போதாது. நிரம்ப ஊற்றித் தலையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரு காதில் விடுகிறபோது மற்ற காதை இறுகப் பொத்தியிருக்க வேண்டும். குப்பியில் இருந்தது ஒருவருக்கு மட்டுமே போதுமான அளவு. கடலில் சிந்திவிட்டால் மயிலாப்பூர்வரை போய் வர நேரமில்லை.

"என்னையும் கட்டுங்க," என்றாள்.

ஆள் நீச்சல் தெரியாதவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் ஜாக்சன் அவள் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினான். புர்காவைக் கழற்றித் தாயம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர்களுக்கு நடுவே தண்ணீரில் இறங்கினாள். காலடியில் மணல் ஓடியது. முதல் அலை முகத்தில் அறைந்தபோது உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. குப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். சூரியன் குப்பத்து வீடுகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது.

தேசப்பனை எட்டியபோது அவருக்கு மார்பளவுத் தண்ணீர். ஜாக்சனும் மற்றவனும் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்தார்கள். அதுவரை சாதுவாக நடந்தவர் திமிறினார். ஜாக்சனின் கன்னத்தில் முழங்கையால் இடித்தார்.

"உடுங்கடா, தம்பி கூப்பிட்டுக்கினு கீறான். தனியா கீறான்டா அவன்," என்று அழுதார்.

மிரட்டலாக இருந்தால் கைசர் ஜஹான் தாங்கியிருப்பாள். அந்த அழுகைதான் அவளை உலுக்கியது. அவர் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்தாள். இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள். வலது காது மேலே வரும்படி தலையைச் சாய்த்து, பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, அந்தக் காதில் பாதிக் குப்பியை ஊற்றிக் குப்பி வாயைக் கட்டைவிரலால் அடைத்தாள். அவர் அவள் கையைக் கடித்தார். அவள் எடுக்கவில்லை. நூறு வரை எண்ண வேண்டும். அவள் மனசுக்குள் எண்ணினாள். நாற்பதில் ஓர் அலை நால்வரையும் மூழ்கடித்தது. கயிறு இழுத்து மேலே கொண்டுவந்தபோது எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

வலது காது முடிந்தது. இடது காதில் ஊற்றும்போது இன்னோர் அலை வந்து மிச்ச மருந்தில் பெரும்பாதியைக் கொண்டுபோனது. போனது போக இருந்ததை விட்டு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்பு தளர்ந்தது. கண்ணை விழித்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கினார்.

கரையில் மணலில் அவரைப் படுக்கவைத்தார்கள். தாயம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு புடவையால் துடைத்தாள். மருந்துக்காரம்மா எப்படியோ தெரிந்துகொண்டு ஓடிவந்து காப்பாற்றினாள் என்றே அவர்கள் நினைத்தார்கள். ஒரு கிழவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கைசர் ஜஹான் தாயம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, தப்பு என்னோடது," என்றாள். "மூடிய மாத்திப் போட்டுட்டேன். நான் குடுத்தது திறசொட்டு."

தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று கைசர் ஜஹான் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"வேற யாருக்கானா மாத்திக் குத்துட்டியா?" என்று கேட்டாள் தாயம்மா.

"இல்லக்கா. இன்னிக்கு நிரப்பினது ரெண்டே குப்பி."

"அப்போ போ. என் கண்ணு முன்னால நிக்காத."

மறுநாள் அவள் லைசென்ஸ் கொடுக்கிற சங்கு மருந்துக் குழுவின் அலுவலகத்துக்குத் தானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். மெஹபூப் அலி அதற்கு நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் விசாரணைக்குத் துணையாக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆறு மாதம் சங்கு மருந்து செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. இரண்டு மருந்துக்கும் வெவ்வேறு வடிவத்தில் குப்பி வேண்டும் என்று அவள் மனுவும் கொடுத்தாள். அதைப் பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

தேசப்பனின் இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. கடலும் கேட்பதில்லை, மனிதர் பேச்சும் கேட்பதில்லை. வலது காதுக்கு இன்னும் தினமும் மருந்து வேண்டும்; தடைக்காலத்தில் வேறு கடையில் வாங்கினார்கள். தடை முடிந்து அவள் மறுபடி மருந்து செய்யத் தொடங்கிய வாரம் அவர் தனியாகக் கடைக்கு வந்தார். தாயம்மா அதற்குப் பிறகு அந்தச் சந்துக்குள் கால் வைக்கவே இல்லை. அவர் வருவது அவளுக்குத் தெரியுமா என்று கைசர் ஜஹான் கேட்கவுமில்லை.

குப்பியை நிரப்பினாள். முகர்ந்து பார்த்தாள். தன் இரண்டு காதிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டு, கடற்கரைச் சாலைவரை நடந்துபோய் நின்று, அலை கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தேசப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி காத்திருந்தார்.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க," என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணாடிப் பலகையைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கமாக வந்து, குனிந்து, மறுபடி சொன்னாள்.

"பரவால்லம்மா," என்றார் தேசப்பன். "மெதுவாவே பாத்துக் குடு."