காலிதீன் வெட்டிய பெக்கிங்

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் காலிதீன் முப்பத்து நான்கு வருடம் எஞ்சின் ஓட்டினார். சாய்ந்தமருதிலிருந்து விடியவே சைக்கிளில் போவார், பொழுதுபடத் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு திரும்புவார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுகிற மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர்தான் அவர் சம்பாதித்தது.

போன வருடம் பெரும்போக அறுவடை நேரத்தில் அது போயிற்று. எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டு நின்றது. அவருடைய கண்ணுக்கு அது நடுவில் நிற்பதாகத் தெரிந்தது. எஞ்சின் கொதித்து, மேல்மூடியான ஹெட் வெடித்தது. முற்றம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு ஆலை ஒன்பது நாள் மூடிக் கிடந்தது. முதலாளி முகைதீன்பாவா ஹாஜியார் ஒரு சொல் ஏசவில்லை.

"அறுவது கடந்திட்டு காலிதீன். இனி ஊட்ட இரிந்து ஆறுதலாத் தொழுது கொண்டு இரிங்க" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

வயதாகிவிட்டது, நானே விலகிவிட்டேன் என்று ஊரில் சொன்னார். மனைவி அஸ்மியாவிடமும் அதையேதான் சொன்னார். பன்னிரண்டு வருடச் சீனி வருத்தம், நீரிழிவு, கண்ணுக்கு ஏறியிருந்தது. வலது கண்ணில் எந்நேரமும் புகை. இடது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதந்தன. கண்ணுக்கு லேசர் அடிக்கக் கிளினிக்கில் இரண்டு தரம் திகதி கொடுத்தார்கள், இரண்டு தரமும் அவர் போகவில்லை. போனால் கண் போகிறது என்பதை டொக்டர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்று பயந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் வீரமுனையில் சிவரூபினி டீச்சரின் வளவில் ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். டீச்சரின் அப்பா ஓட்டியது. மாட்டுக்கொட்டிலில் முப்பது வருடமாகக் கிடந்து, எஞ்சின் இறுகி, கோழிகள் அதன்மேல் அடைந்திருந்தன. காலிதீன் குந்தி இருந்து அதைத் தடவிப் பார்த்தார். இதை ஓட வைத்துவிட்டால், ஆலையில் நடந்தது ஒரு நாள் பிசகு என்று ஆகிவிடும். யாருக்கும் சொல்லாவிட்டாலும் தனக்காவது அப்படி ஆகிவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, டீச்சரிடம் கேட்டு, லேண்ட் மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வீட்டின் பின் விறாந்தையில் எஞ்சினை இறக்கி வைத்துக் கழற்றினார். மண்ணெண்ணெய்ப் பேசினில் ஒவ்வொரு சாமானாகக் கழுவினார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் போயிருந்தது. பதினொரு நாள் ஒயில் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தார். கீழே விழுந்த திருகாணியைக் கையால் துழாவித் தேடுவார். அஸ்மியா எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும்.

"நான் பாத்துட்டுத்தான் இரிக்கன். நீ போ" என்பார்.

அவள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சிலிண்டரைக் கடைந்து கொடுத்தவர் ஷரிபுதீன். கல்முனையில் லேத் கடை வைத்திருப்பவர். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. வேறொரு பைக்கின் பிஸ்டனைத் தேடிப் பிடித்து, அதற்கு அளவாகச் சிலிண்டரைக் கடைந்தார். கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, "ஓடின உடன என்னய ஏத்திட்டு ஒருக்கா அட்டாளைச்சேனைக்குப் போ, அது போதும்" என்று சிரித்தார்.

மிச்ச வேலையைக் காலிதீன் தன் கையாலேயே செய்தார். எஞ்சினின் இரண்டு பாகங்கள் பொருந்தும் இடத்தில் ஒயில் கசியாமல் வைக்கிற கடதாசிக்குப் பெக்கிங் என்று பெயர். இந்தப் பழைய எஞ்சினுக்கு அது கடையில் இல்லை. தடித்த கடதாசியில் பழையதை வைத்துக் கீறி, வெளிச்சத்துக்காக உச்சி வெயிலில் முற்றத்தில் குந்தி இருந்து தானே வெட்டினார்.

எஞ்சினை மோட்டார் சைக்கிளில் திரும்பப் பூட்டி, ஒரு சனிக்கிழமை பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ஸ்டார்ட் செய்தார். பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஏழாவது உதையில் அது இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. தடதடவென்ற அந்தச் சத்தம் விறாந்தைக் கூரையை அதிர வைத்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் காலிதீன். அஸ்மியா அவருடைய முகத்தை அப்படிப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆறு நிமிடம் ஓடியிருக்கும். சத்தத்தில் ஓர் இறுக்கம் வந்தது. அவருடைய காது அதை உடனே பிடித்தது. நிறுத்தக் கையை நீட்டுவதற்குள் உள்ளே ஏதோ முறிந்தது. முறிந்த இரும்பு எஞ்சினின் உடலைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு சத்தமே இல்லை. வேலிக்கு மேலால் பார்த்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

திங்கட்கிழமை காலிதீன் சிலிண்டரை மட்டும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஷரிபுதீனின் கடைக்குப் போனார். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"பிஸ்டனுக்கு இடமே உடாம இறுக்கிக் கடைஞ்சிரிக்காய். கண்ணத் திறந்து பாத்தா வேல செஞ்ச நீ?"

ஷரிபுதீன் லேத்தை நிறுத்தினார். சிலிண்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார், விரலை விட்டுத் தடவினார். ஏதோ சொல்ல வந்தவர் காலிதீனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நீ ஊட்ட போ மச்சான். மறுகா கதைப்பம்."

"மறுகா என்னத்தக் கதைக்கிற? ஒனக்கு வேல தெரியா. அதச் சொல்லத்தான் வந்தன்."

பேச்சு ஊருக்குள் பரவியது. போட் எஞ்சின் வேலைக்கு வந்த இரண்டு பேர் அந்த வாரமே வேறு லேத்துக்குப் போனார்களாம். அதைக் கேட்டபோது காலிதீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து உடைந்த எஞ்சினின் மிச்சத்தையும் பிரித்தார். அன்றைக்கு மழை இருட்டு. கண்ணால் பார்க்க முயலாமல் விரலாலேயே தடவிக்கொண்டு போனார். எஞ்சின் உடலில், ஒயில் ஏறும் இடத்தில், மிளகளவு ஒரு துவாரம் விரலில் பட்டது. பெக்கிங்கை எடுத்து அதே இடத்தைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. திரும்பவும் தடவினார். அவர் வெட்டிய பெக்கிங்கில் அந்தத் துவாரம் இல்லை. ஒரு சொட்டு ஒயில் மேலே ஏறவில்லை. சிலிண்டரில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஷரிபுதீனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளைக்குப் போவோம் என்று நினைத்தார். அந்த நாளை ஆறு மாதம் நீண்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் ஷரிபுதீன் முன் வரிசையில் நின்றால் இவர் கடைசி வரிசைக்குப் போனார். இரவுத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் அஸ்மியாதான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வலது கண்ணில் இனிச் செய்ய எதுவும் இல்லை என்றார்கள். முதல் திகதிக்கே வந்திருந்தால் இடது கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது வெளிச்சமும் நிழலும் மிஞ்சினால் பெரிது என்றார்கள். வெளியே வந்து நின்றபோது, "ஷரிபுதீன்ட கடைக்குப் போகணும்" என்றார் அவர். அவள் அங்கே கூட்டிப் போனாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. காலிதீன் பெக்கிங்கை எடுத்து நீட்டினார்.

"பிழ எண்ட பக்கம்தான் மச்சான். ஓட்டய நான் வெட்டல்ல. எனக்குத் தெரியல்ல. கண்ணு தெரியல்ல."

ஷரிபுதீன் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். சிலிண்டர்ல ஒயில் பட்ட அடையாளமே இல்ல. ஒண்ட கண்ணப் பத்தி நாலு பேருக்கு முன்னால சொல்ல எனக்கு மனம் வரல்ல. ஊட்ட போய்ப் பாத்துட்டு நாளைக்கே வருவாய் எண்டு நினைச்சன்."

காலிதீன் பெக்கிங்கைத் திரும்பவும் மடித்தார்.

"ஆறு மாசம் காலிதீன். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் பாத்தன்."

"மன்னிச்சுக்க மச்சான்."

"நான் மன்னிக்காட்டி அல்லாஹ்ட்ட என்ன சொல்லப் போறன்? மன்னிச்சிட்டன். ஆனா இனி இஞ்ச வராத."

ஷரிபுதீன் லேத்தை ஓட்டினார். அந்தச் சத்தத்துக்குள் மேலே கதைக்க முடியவில்லை.

பிரதான வீதி ஓரத்தில் அஸ்மியா காலிதீனின் முழங்கையைப் பிடித்தாள். அவர் தட்டிவிடவில்லை. முன்னால் வெளிச்சமும் நிழலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

"பஸ் ஏதும் வருதா?" என்று கேட்டார்.

"ஓம், வருது. நில்லுங்க" என்றாள்.

அவர் நின்றார்.