பதினொன்றாவது தட்டு

1965 அல்லது 66. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தென்னிந்திய ஹோட்டலில் நடந்தது. வருஷத்தை உறுதியாகச் சொல்ல முடியாதது எனக்கே உறுத்தலாக இருக்கிறது. மற்ற எண்களெல்லாம் சரியாக நினைவிருக்கின்றன. அங்கே பதினான்கு மேசைகள். வாசலிலிருந்து மூன்றாவது மேசை எங்களுடையது. தாராவியில் ஒரே அறையில் தங்கியிருந்த நாங்கள் நான்கு பேரும் ஞாயிறு தவறாமல் அங்கே போவோம். எனக்கு இருபத்து நான்கு வயது. தாதரில் குமாஸ்தா வேலை.

எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படி ஏறினால் படியை எண்ணுவேன், ரயில் வந்தால் பெட்டியை எண்ணுவேன். அந்த ஹோட்டலில் எண்ணுவதற்கு அருமையான விஷயம் ஒன்று இருந்தது. பரிமாறுகிறவர் ஒருவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை பீங்கான் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வருவார். சாதாரணமாக எட்டு. அந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, ஏழு வருஷம் கழித்துத்தான் பரிமாறும் வேலைக்கு வந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, சாப்பிட வருகிறவர்களின் முகம் பார்த்து நிற்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அவர் சமையலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் நான் உரக்க எண்ணுவேன். மற்ற மேசைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவரும் சிரிப்பார். முந்தின வாரம் பத்து வரை வந்திருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பதினொண்ணு கொண்டு வாங்க பாப்போம்" என்றேன்.

"சும்மா இருங்க தம்பி. சட்னி ஒழுகுனா கை வழுக்கும்லா."

"விட்டுருல, அண்ணாச்சிக்கு வயசாயிட்டு" என்றான் என் அறை நண்பன்.

அவர் உள்ளே போனார். வந்தபோது தட்டுகள் தோளையும் தாண்டிக் கழுத்தை ஒட்டி நின்றன. நான் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தேன். ஹோட்டலே என்னோடு எண்ணியது. "பத்து" என்றபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பதினொண்ணு!" என்று நாங்கள் கத்தியதும் கழுத்தோரத் தட்டு சரிந்தது. அதைப் பிடிக்கக் கையை அசைத்தார். அவ்வளவுதான், பதினொன்றும் தரையில் விழுந்து நொறுங்கின.

அடுத்த நொடி கைதட்டல். "ஒன்ஸ் மோர்!" என்று எவனோ விசிலடித்தான். எல்லோரும் என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் என்னைத்தான் காரணம் என்பார்களோ என்ற பயம். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அவர் குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். முழங்கைக்குக் கீழே சுடுசாம்பார் கொட்டி, தோல் சிவந்திருந்தது. உள்ளங்கையில் ரத்தம். இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த ஒரு மராத்திப் பெண்மணி மட்டும் எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்து, "ஷரம் நஹி ஆத்தி?" என்றார். வெட்கமாக இல்லையா என்று கேட்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். "என்ன ஓய், இது ஹோட்டலா சர்க்கஸா? யாரைக் கேட்டுண்டு இத்தனை எடுத்தீர்?"

"என் தப்புதான் மொதலாளி."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் இரண்டடி எடுத்து வைத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். காபியைக் குடித்து முடித்தேன்.

அடுத்த ஞாயிறு அவரைக் காணவில்லை. கை கழுவப் போனபோதுதான் பார்த்தேன். பின்கட்டில், இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தொட்டியருகே தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அழுக்குப் பனியன்.

"அண்ணாச்சி, என்னாலதான..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இல்ல தம்பி. நீங்க எண்ணுதப்போ எனக்கும் ஆசை வந்துட்டுல்லா. கையக் கழுவிட்டு வெளிய போங்க, மொதலாளி பாத்தா ஏசுவாரு."

போய்விட்டேன். கல்லாவைக் கடந்துதான் போனேன். முதலாளி அங்கேதான் இருந்தார், கூட்டமும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் வேறு ஹோட்டலுக்கு மாறிக்கொண்டோம். அவர் மறுபடி பரிமாற வந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

என் தப்பில் பாதியை அந்த மனிதர் தானாகவே எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியையாவது நான் வாய் திறந்து கேட்டு வாங்கியிருக்கலாமே என்ற நினைப்பு, எண்பதைத் தாண்டிய பிறகும் என்னை விடுவதில்லை.